உச்சுக் கொட்டிய விளக்கு

செங்கோட்டையில் ஒரு லாரி இருமினால், ராஜபாளையத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் மெக்கானிக் சமுத்திரத்துக்குப் புரையேறும். அவரே சொல்வதுதான். சேத்தூர்ப் பக்கம் பழுதாகி நின்ற புல்டோசரைப் பார்த்து ஒருமுறை அவர் தும்மியதாகவும், அது பயந்துபோய்த் தானாகவே ஸ்டார்ட் ஆகி, டிரைவர் இல்லாமலேயே வீடு போய்ச் சேர்ந்ததாகவும்கூடச் சொல்வார். டீக்கடையில் இதையெல்லாம் தாங்கிக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கதை வைத்திருந்தார். அதைத்தான் யாராலும் தாங்கமுடியவில்லை.

"செத்த மனுசன் ஒருத்தரு காரு விளக்கைப் போட்டுப் போட்டு அணைச்சு எங்கிட்டப் பேசுனாரு. நான் பதில் சொன்னேன். ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். அதுவும் பட்டப்பகல்ல, என் பட்டறையில வச்சு."

நடந்தது தொண்ணூற்றேழு ஐப்பசியில்.

அன்று காலையில் மேற்குமலையைக் காணோம். மேகம் வந்து மொத்தமாக விழுங்கிவிட்டிருந்தது. காலையா மாலையா என்று தெரியாத ஒரு வெளிச்சம். மழை இன்னும் இறங்கவில்லை. இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தென்காசி ரோட்டில் ஒரு டிராக்டர், தேங்காய்நார்க் கயிற்றில் ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்றது.

கார் என்றால் அப்படி இப்படிக் கார் இல்லை. கப்பலில் வந்த வெளிநாட்டுக் கார். சாம்பல் நிறம். அதன் கதவைப் பார்த்துத் தலை சீவி, பொட்டும் வைத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தவர் ஹவில்தார் சுந்தரபாண்டியன். பட்டாளத்தில் வண்டி ரிப்பேர்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் தாயத்துக்குப் பதிலாக மல்டிமீட்டரைத் தொங்கவிட்டிருந்தார். மீட்டரில் முள் ஆடினால்தான் அவருக்கு எதுவும் உண்மை. கல்யாணத்தன்று பெண்ணையும் மீட்டர் வைத்துத்தான் பார்த்தார் என்று சமுத்திரம் சொல்வார்.

காருக்குள் அம்புட்டு இடம் இருந்தும், டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து வந்திருந்தார் அவருடைய அக்கா வெள்ளத்தாய்.

"ஏன் தாயி, காருல உக்காந்து வரலாம்லா?" என்றார் சமுத்திரம்.

"பின் சீட்டுல உக்கார மாட்டேன் அண்ணாச்சி. அதுல உக்காந்து உக்காந்துதான் என் முதுகு தேஞ்சுபோச்சு. ஸ்டியரிங்கு முன்னால உக்காந்தா இது நகர மாட்டேங்கு."

"காரு யாரு பேருல இருக்கு?"

வெள்ளத்தாய் தம்பியைப் பார்த்தார். தம்பி குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "காசின்னு ஒரு ஊரு இருக்குல்லா அண்ணாச்சி? அந்த ஊருக்கு ராசா" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார் வெள்ளத்தாய். புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

காசிராஜன் போன வருஷம் இதே ஐப்பசியில், இதே காரில், தன் வீட்டுக் கொட்டகையிலேயே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நெஞ்சு வலித்துச் செத்துப்போனவர். மறுநாள் அவருக்கு முதல் தெவசம். வன்னியம்பட்டி வீட்டில் சொந்தம் எல்லாம் வந்து இறங்கியிருந்தது. கொழுந்தன் சேதுபதி ஏற்கெனவே தோப்பையும் கிணற்றையும் தன் பக்கம் தள்ளிக்கொண்டுவிட்டார். மிச்சம் இந்தக் கார்தான்.

"அண்ணன் ஆவி அதுல இருக்கு. பொம்பளை தொட்டா அண்ணனுக்குச் சம்மதமில்ல, அதான் ஓட மாட்டேங்கு. சாவியக் குடுத்திருங்க மதினி" என்று கூடியிருந்தவர்கள் முன்னால் கேட்டிருக்கிறார் சேதுபதி. வெள்ளத்தாய்க்கு வந்ததே கோபம். தெவசத்துக்கு முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் லைசென்ஸ் டெஸ்டில் பாஸாகி, இதே காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துகிறேன், இல்லையென்றால் சாவி உனக்கு என்று சபதம் போட்டுவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொண்டாகிவிட்டது. டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வரும் நாளும் அன்றுதான்.

"இது போயிட்டா பொறவு கடைக்குப் போகணும்னாலும் சேதுபதி டிராக்டர் எப்ப வரும்னு வாசல்ல நிக்கணும் அண்ணாச்சி. நிக்க மாட்டேன்" என்றார்.

சமுத்திரம் சாவியை வாங்கிக் காரில் ஏறி உட்கார்ந்து திருகினார். என்ஜின் பூனை மாதிரி உறுமியது. இறங்கினார். சுந்தரபாண்டியன் ஏறினார். ஓடியது. வெள்ளத்தாய் ஏறினார்.

அணைந்தது.

"வெயிட்டு" என்றார் சுந்தரபாண்டியன் உடனே. "சீட்டுக்கு அடியில ஏதோ வயரு நசுங்குது. அக்கா வெயிட்டுக்கு ஷார்ட் ஆகுது. இதுல ஆவி எங்க வந்துச்சு?"

சரி என்று ஒரு பழைய லாரி கியர்பாக்ஸைத் தூக்கி டிரைவர் சீட்டில் வைத்தார்கள். அது வெள்ளத்தாயைவிட இரண்டு மடங்கு கனம். சமுத்திரம் கணக்கில் ஏழு மடங்கு. சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகியதும் கியர்பாக்ஸுக்கு என்ஜின் மகிழ்ச்சியாக ஓடியது.

அதை இறக்கிவிட்டு வெள்ளத்தாய் உட்கார்ந்தார். அணைந்தது.

"பாத்தியளா? இரும்புக்கு ஓடுதான், எனக்கு ஓட மாட்டேங்கான்" என்றார் வெள்ளத்தாய்.

இந்த மாதிரிக் காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்ப் பெட்டி உண்டு. என்ன கோளாறு என்று அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். பானெட்டைத் திறந்து, சோதனைப் பிளக்கின் இரண்டு ஓட்டையில் ஒரு வயரைச் சொருகிவிட்டுச் சாவியைப் போட்டால், ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் என்ஜின் விளக்கு கண்சிமிட்டும். இரண்டு சிமிட்டி, நிறுத்தி, ஒன்று சிமிட்டினால் இருபத்தொன்று. அந்த எண்ணுக்கு என்ன கோளாறு என்று அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். மதுரை நண்பர் ஒருவர் கொடுத்த அட்டவணையைச் சமுத்திரம் பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்தார், மாலை மட்டும்தான் போடவில்லை. இந்தச் சிமிட்டலை எண்ணி வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் தான்தான் என்பது அவருடைய எண்ணம். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் தெரியாது.

வயரைச் சொருகினார். "தாயி, சாவியை மட்டும் போடுங்க."

விளக்கு சிமிட்டியது. மூன்று. நிறுத்தியது. மூன்று.

"முப்பத்திமூணு" என்று சுவருக்கு ஓடினார் சமுத்திரம். முப்பத்திரண்டு இருந்தது. முப்பத்திநாலு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவர் விரல் நின்றுவிட்டது.

"என்ன ஓய், மாஸ்டர் முழிக்காரு?" என்றார் சுந்தரபாண்டியன்.

"ஹவில்தாரே, அப்படி ஒரு கோளாறே கிடையாதுய்யா."

வெளியே சொட்டுச் சொட்டாகத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. பட்டறைக்குள் இருள் கூடியது. பெட்ரோல், கிரீஸ், பழைய டயர் என்று எப்போதும் இருக்கும் வாடைகளுக்கு அடியில் புதிதாக ஒன்று மெல்ல எழும்பி வந்தது. யூகலிப்டஸ் தைலம். சளி பிடித்தவர் நெஞ்சில் தேய்த்துக்கொண்டு அருகே வந்து நின்றால் வருமே, அந்த வாடை. காரின் இடதுபக்க முன்சன்னலிலிருந்து வந்தது.

அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்தக் காலி சீட்டிலிருந்து சத்தம் கேட்டது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் சத்தம். ச்சு. ச்சு. ச்சு.

விளக்கும் அதோடு சேர்ந்து சிமிட்டியது.

ச்சு. ச்சு. ச்சு.

"ரிலே" என்றார் சுந்தரபாண்டியன். ஆனால் மெதுவாகச் சொன்னார். "பெட்ரோல் பம்பு ரிலே. அப்படித்தான் டிக்குனு அடிக்கும்."

வெள்ளத்தாய் ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுக்கவில்லை. முகம் மட்டும் வெளிறிவிட்டது. "அண்ணாச்சி, அந்த அட்டவணையில தேடாதிய. இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்."

"எப்படித் தாயி?"

"இது அவிய தேய்க்கிற தைலந்தான். அவிய வாயத் தொறந்து எங்கிட்டக் கோளாறு சொன்னதில்ல. உச்சுக் கொட்டுவாவ, அம்புட்டுதான். ஒரு தடவ கொட்டுனா உப்புக் காணாது. ரெண்டு கொட்டுனா குரலக் கொறை. மூணு கொட்டுனா வாசலத் தாண்டாத."

விளக்கு மூன்று சிமிட்டியது.

சமுத்திரம் வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டார். ஆனாலும் மெக்கானிக் என்று ஒரு மானம் இருக்கிறதே. "எதுவா இருந்தாலும் கம்ப்யூட்டரு ஞாபகத்துலதான் இருக்கு. பேட்டரியக் கழட்டிட்டா அதுக்கு எல்லாம் மறந்துபோகும். கழட்டுறேன் பாருங்க" என்று ஸ்பேனரை எடுத்தார். இரண்டு முனையையும் கழற்றி, பேட்டரியையே தூக்கிக்கொண்டு போய் டீக்கடைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தார். விளக்கு அணைந்திருந்தது. தைல வாடை மட்டும் போகவில்லை.

"இனி ஒண்ணும் இல்ல" என்றார் சமுத்திரம். "இறங்குங்க தாயி, ஒரு டீ குடிப்போம்."

வெள்ளத்தாய் இறங்கக் கதவில் கை வைத்தார்.

டக்.

நான்கு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன.

பேட்டரி இல்லாத காரில்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. மூன்று. நிறுத்தம். மூன்று.

சுந்தரபாண்டியன் பானெட்டுக்குள் பாய்ந்து, வெறும் வயரின் இரண்டு முனையிலும் மீட்டர்க் கம்பிகளை வைத்தார். முள் பூஜ்யத்தில் படுத்துக்கிடந்தது. மீட்டரைத் தட்டினார். உதறினார். மறுபடி வைத்தார். "கப்பாசிட்டர்ல மிச்சக் கரண்டு நிக்கும்" என்றார் யாரையும் பார்க்காமல். முள் அசையவே இல்லை.

கண்ணாடிகள் எல்லாம் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தன. எது ஏற்றியது, எப்போது என்று யாரும் பார்க்கவில்லை. உள்ளே வெள்ளத்தாயின் பக்கக் கண்ணாடி தெளிவாக இருந்தது. இடதுபக்கக் கண்ணாடியில் மட்டும் பனி படர்ந்தது. ஒரு முகம் அளவுக்கு. சுருங்கியது. படர்ந்தது.

யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா!" என்று சுந்தரபாண்டியன் கண்ணாடியை முட்டியால் குத்தினார். விரிசல்கூட விழவில்லை.

இந்த இடத்தில்தான் சமுத்திரம் செத்தவரோடு பேசினார். காரைப் பார்த்துக் கைகூப்பி, "அண்ணாச்சி, உங்க வீட்டு விவகாரத்த உங்க வீட்டுல வச்சுக்கிடுங்க. பட்டறையில வச்சு இப்படிப் பண்ணுனா நாளைக்கு எவன் வண்டி விடுவான்?" என்றார்.

விளக்கு யோசித்தது. பிறகு இரண்டு சிமிட்டியது.

"குரலக் கொறைக்கச் சொல்லுதாவ அண்ணாச்சி" என்று உள்ளேயிருந்து மொழிபெயர்த்தார் வெள்ளத்தாய். அவர் வாய் முன்னால் புகை மாதிரி மூச்சு தெரிந்தது. ஐப்பசியில், ராஜபாளையத்தில், ஊட்டிக் குளிர். ஸ்டியரிங் அவர் கைக்குள் மெதுவாகத் தானாகவே திரும்ப ஆரம்பித்தது. அவர் இறுக்கிப் பிடித்தார். அது இழுத்தது. விரல் ஒவ்வொன்றாகக் கழன்றது. கண்ணுக்குத் தெரியாத வேறொரு கை அவற்றைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தது.

ச்சு. ச்சு. ச்சு.

வெள்ளத்தாய் அழப்போகிறார் என்றுதான் சமுத்திரம் நினைத்தார்.

அவர் திரும்பி அந்தக் காலி சீட்டைப் பார்த்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினார்.

"ஏலே, காசிராஜா!"

மழைகூட ஒரு நொடி நின்றது. காரை இழுத்துவந்த டிராக்டர்க்காரர் வாயில் இருந்த பீடி கீழே விழுந்தது. சுந்தரபாண்டியன் காதைப் பொத்திக்கொண்டார். ஆவியைக் கண்டுகூட அவர் அப்படிப் பயப்படவில்லை.

"ஆமா, பேரச் சொல்லித்தான் கூப்பிடுதேன். உசுரோட இருந்தவரைக்கும் சொல்லல. என்னலே செய்வ? உப்புக் காணலேன்னு கொட்டுன, போட்டேன். குரலக் கொறைன்னு கொட்டுன, வாயவே மூடுனேன். வாசலத் தாண்டாதன்னு கொட்டுன, சொந்த அம்மா சாவுக்கு மூணாம் நாளுதான் போனேன். செத்தும் கொட்டுதியால காசிராஜா? ஒந் தம்பி எம் பொழப்ப அள்ளிட்டுப் போகும்போது ஒரு கொட்டுக் கொட்டுனியால? காசிராஜா, கேக்கேன்லா!"

விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. பாதியில் நின்றது. அடுத்த சிமிட்டுக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

"காரு ஓட்டுறது நானு. எறங்கிப் போறதுன்னா போ. கூட வாரதுன்னா, நான் உக்காந்த எடம் பின்னால காலியாத்தான் கெடக்கு. போய் உக்காரு. சத்தம் வரப்படாது."

விளக்கு அணைந்தது.

கதவுகள் டக்கென்று திறந்துகொண்டன. இடதுபக்கக் கண்ணாடியில் பனி இல்லை. தைல வாடை ஒரு சுற்றுச் சுற்றி, சமுத்திரத்தின் மூக்கை உரசிக்கொண்டு, எங்கோ போனது.

பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். வயரைச் சொருகிப் பார்த்தால் விளக்கு நல்ல பிள்ளையாகச் சீராகச் சிமிட்டியது. கோளாறு எதுவும் இல்லை என்றால் அப்படித்தான் சிமிட்டும். வெள்ளத்தாய் சாவியைத் திருகினார். என்ஜின் ஓடியது.

"நான் பஸ்ல வாரேன்க்கா" என்றார் சுந்தரபாண்டியன்.

"மீட்டர்ல ஒண்ணும் காட்டலல்லா. பொறவு என்னலே பயம்? பின்னால ஏறு."

"பயமா? எனக்கா? எல்லாம் மிச்சக் கரண்டு" என்று ஏறினார். சமுத்திரம் முன்னால் உட்கார்ந்தார். பழுது பார்த்த வண்டியோடு கூடவே போய்ப் பார்ப்பது தன் வழக்கம் என்றார். உண்மையில், தனியாகப் பட்டறையில் இருக்க அவருக்கு மனசில்லை.

மழை கொட்டத் தொடங்கியிருந்தது. வெள்ளத்தாய் ஓட்டினார் பாருங்கள்! எதிரே வந்த மதுரை பஸ் வழிவிட்டு வயலுக்குள் இறங்கி, நாற்று நட்டுவிட்டுத்தான் மேலே ஏறியது. ஆத்துப் பாலத்து வளைவில் கார் ஒருபக்கச் சக்கரத்தில் போனதாகச் சமுத்திரம் சொல்வார். அந்தச் சமயம் அவர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார். பின் சீட்டில் அம்புட்டு இடம் இருக்க, சுந்தரபாண்டியன் வலது ஓரக் கதவோடு ஒட்டிக்கொண்டு, சுவரில் அடித்த ஆணி மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தார். வலது கையால் மேல் கைப்பிடியைப் பிடித்திருந்தார். இடது கை சீட்டின் நடுவில் நீட்டியபடி இருந்தது. அதை ஏன் அப்படி நீட்டி வைத்திருக்கிறார் என்று சமுத்திரத்துக்கு விளங்கவில்லை.

"என்ன ஹவில்தாரே, சத்தத்தையே காணோம்?"

அவர் உதடு மட்டும் அசைந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரேக் இன்ஸ்பெக்டர் மழைக்குள் நின்று கொடியை ஆட்டினார். வெள்ளத்தாய் முன்னால் போனார், பின்னால் வந்தார், எட்டுப் போட்டார். "இப்படி ஓட்ட எங்கம்மா படிச்ச?" என்று கேட்டு, பாஸ் போட்டார் இன்ஸ்பெக்டர். அதுவரைக்கும் சுந்தரபாண்டியன் காரை விட்டு இறங்கவே இல்லை. இறங்க முடியவில்லை என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வன்னியம்பட்டி விலக்கில் திரும்பி, கண்மாய்க்கரை வளைவுகளையெல்லாம் ஒரே மூச்சில் கடந்து, பொழுது சாய இன்னும் நேரம் இருக்கும்போதே கார் வீட்டு வாசலில் போய் நின்றது. பந்தலுக்குக் கீழே சொந்தபந்தம் முழுக்க எழுந்து நின்றது. வெள்ளத்தாய் இறங்கி, சாவியை விரலில் மாட்டிச் சுழற்றினார்.

சேதுபதி லேசுப்பட்ட ஆள் இல்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து சிரித்தார். "மெக்கானிக்கு ஏதோ வயரப் புடுங்கிவிட்டு ஓட்டிக்கிட்டு வந்துட்டிய. அண்ணன் இதுல இருந்தா ஓடிருக்குமா? அவரு மனசு வெறுத்து எறங்கிப் போயிட்டாரு. ஓடுனதுனால அண்ணன் சம்மதிச்சதா ஆயிருமா? சாவியக் குடுங்க மதினி."

கூட்டத்தில் ஒன்றிரண்டு தலைகள் ஆடின. சமுத்திரம் நடந்ததைச் சொல்லத் தொண்டையைக் கனைத்தார். அவர் கனைத்ததுமே பாதிப்பேர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். புல்டோசர் தும்மல் கதை வன்னியம்பட்டி வரைக்கும் போயிருந்தது.

"நம்ம ஹவில்தாரு சொல்லட்டும்" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். "அவரு பொய் சொல்ல மாட்டாரு. பேய் பிசாசுன்னாலே காறித் துப்புற ஆளு."

வலதுபக்கப் பின்கதவு திறந்தது. சுந்தரபாண்டியன் மெதுவாகக் கீழே இறங்கினார். கழுத்தில் கிடந்த மீட்டரைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலேயே சீட்டில் போட்டார். அவர் நின்ற இடத்தைச் சுற்றி யூகலிப்டஸ் வாடை குப்பென்று பரவியது. காசிராஜனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

அவர் தன் இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். நான்கு விரலும் ஒரு கட்டை விரலும் பதிந்த தடம், ரத்தம் கட்டிச் சிவந்து கிடந்தது.

"போகல சேதுபதி" என்றார். "ஒங்க அண்ணன் பின்னாலதான் இருக்காரு. சம்மதமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா ராஜபாளையத்துல இருந்து இங்க வரைக்கும், எங்க அக்கா ஒவ்வொரு வளைவு திருப்பும்போதும் எங் கையத்தான் பிடிச்சுக்கிட்டு வந்தாரு."